எக்ஸ் கதிரைக் காந்தத்தால் நிறுத்திவைக்க முடியுமா?

கேள்வி இது: "காந்தப்புலம் எலக்ட்ரானை வளைக்கும், ஒளியை வளைக்காது என்று பள்ளியில் படித்தோம். எக்ஸ் கதிரும் ஒளிதானே? அணுக்கருவையும் காந்தப்புலத்தையும் வைத்து எக்ஸ் கதிரைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எப்படி? உண்மையில் செய்து பார்த்தார்களா, வெறும் கணக்கா?"

பள்ளியில் படித்தது சரிதான். காற்றிலோ வெற்றிடத்திலோ போகும் எக்ஸ் கதிரின் பக்கத்தில் நம்மிடம் இருக்கும் எந்தக் காந்தத்தை வைத்தாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் அந்தக் கதிர் வழியில் ஓர் அணுக்கருவுக்குள் புகுந்து கொஞ்ச நேரம் தங்கிவிட்டுத்தான் வெளியேறுகிறது என்று வையுங்கள். தங்கியிருக்கும் நேரத்தில் அது ஒளியாக இல்லை. அணுக்கருவின் கிளர்ச்சியாக, அதாவது ஆற்றல் ஏறிய நிலையாக, இருக்கிறது. அணுக்கருவுக்குக் காந்தத்தன்மை உண்டு. ஆகவே காந்தம் அதைப் பிடிக்கும். ஒளி மறுபடி எப்போது, எந்த வடிவில் வெளியே வரும் என்பதை அந்த இடைவேளையில் மாற்றிவிடலாம். மொத்த வித்தையும் இதுதான். செய்தும் காட்டிவிட்டார்கள், 1996-லேயே. அந்தச் சோதனையைப் பற்றிச் சொல்வதற்கு முன் இரும்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கையாள நம்மிடம் லென்ஸ் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. எக்ஸ் கதிருக்கு எந்தப் பொருளும் கிட்டத்தட்ட வெற்றிடம் மாதிரிதான்: அதன் ஒளிவிலகல் எண் 1-லிருந்து பத்து லட்சத்தில் சில பங்குதான் விலகும். அணுவின் உள்கூட்டு எலக்ட்ரான்கள் எக்ஸ் கதிரை நன்றாக உறிஞ்சும், உண்மை. ஆனால் இரும்பணுவின் உள்கூட்டில் அப்படி உண்டாகும் கிளர்வு ஒரு ஃபெம்டோ வினாடிகூட நீடிக்காது. அதாவது ஒரு வினாடியைக் கோடி கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு துண்டில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதற்குள் யார் எந்தக் காந்தத்தைத் திருப்புவது?

அணுக்கரு அப்படி இல்லை. இயற்கை இரும்பில் நூற்றுக்கு இரண்டு அணுக்கள் இரும்பு-57 என்ற ஐசோடோப்பு. அதன் அணுக்கரு 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ் கதிரை வாங்கிக்கொள்ளும். அலைநீளம் 0.086 நானோமீட்டர், அணுவின் பருமனைவிடச் சிறியது. வாங்கிய ஆற்றலைச் சராசரியாக 141 நானோ வினாடி வைத்திருக்கும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் உள்கூட்டு எலக்ட்ரான் தரும் அவகாசத்தோடு ஒப்பிட்டால் இது பத்து கோடி மடங்குக்கும் மேல். 141 நானோ வினாடியில் ஒளி 42 மீட்டர் போய்விடும். மின்னணுச் சாதனங்களுக்கு ஒரு மின்துடிப்பைக் கொடுத்து முடிக்கத் தாராளமான நேரம்.

நீண்ட ஆயுளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எவ்வளவு நேரம் நிலைக்கிறதோ அவ்வளவுக்கு அந்த அதிர்வெண் கூர்மையாக இருக்கும். இரும்பு-57-இன் கோட்டு அகலம், அதாவது அது ஏற்கும் ஆற்றலில் இருக்கும் தளர்வு, 4.7 நானோ எலக்ட்ரான் வோல்ட்தான், மொத்த ஆற்றலில் மூன்று லட்சம் கோடியில் ஒரு பங்கு. பூமியிலிருந்து நிலா வரை அளந்துவிட்டு, ஒரு தலைமுடிப் பருமனுக்கு மேல் பிழை வரக்கூடாது என்று சொல்வதற்கு இது சமம். 1960-இல் ஹார்வர்டில் இயற்பியலாளர்கள் பவுண்டும் ரெப்காவும் வெறும் 22.5 மீட்டர் உயரக் கோபுரத்தில் புவியீர்ப்பு ஒளியின் அதிர்வெண்ணை மாற்றுவதை அளந்தது இந்தக் கூர்மையை நம்பித்தான்.

இந்தக் கூர்மை நமக்குக் கிடைக்கக் காரணமானவர் ருடால்ஃப் மோஸ்பவர். படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் நகரும் அல்லவா? அதுபோல, தனியாக இருக்கும் அணுக்கரு கதிரை உமிழும்போது பின்னுதைப்பு வாங்கும். இரும்பு-57-இல் அந்த உதைப்பு தின்றுவிடும் ஆற்றல், கோட்டு அகலத்தைப் போல நான்கு லட்சம் மடங்கு. ஓர் அணுக்கரு வெளியிட்டதை இன்னொன்று வாங்கவே முடியாமல் போய்விடும். 1958-இல் ஹைடல்பர்க்கில் இரிடியத்தைக் குளிர்வித்து ஆய்வு செய்துகொண்டிருந்த மோஸ்பவர், உட்கவர்தல் குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் அது கூடுவதைப் பார்த்தார். படிகத்துக்குள் இறுக்கமாக அமர்ந்திருக்கும் அணுக்கரு தனியாக உதைபடுவதில்லை. பல சமயங்களில் முழுப் படிகமும் சேர்ந்து அந்த உதைப்பைத் தாங்கிக்கொள்கிறது. கரையில் கட்டிப்போட்ட படகு. 1961-இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 32.

இப்போது காந்தத்துக்கு வருவோம். அணுக்கருவின் காந்தத்தன்மை எலக்ட்ரானுடையதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுக்குறைந்தது. 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு முன்னால் காந்தம் செய்யும் ஆற்றல் மாற்றம் கணக்கிலேயே வராது போலத் தோன்றும். அங்கேதான் கூர்மை கைகொடுக்கிறது. சாதாரண இரும்புக்குள் இருக்கும் அணுக்கரு உணரும் காந்தப்புலம் சுமார் 33 டெஸ்லா. மருத்துவமனை எம்ஆர்ஐ கருவியில் இருப்பது 1.5 அல்லது 3 டெஸ்லா. இந்த 33 டெஸ்லாவை எந்த ஆய்வகமும் வெளியிலிருந்து கொடுப்பதில்லை. இரும்பணுவின் எலக்ட்ரான்களே தங்கள் அணுக்கருவின்மேல் அதை உண்டாக்குகின்றன. அந்தப் புலத்தில் ஒரே கோடு ஆறாகப் பிரிகிறது: கீழ்நிலை இரண்டாகவும் மேல்நிலை நான்காகவும் பிளக்க, விதிகள் அனுமதிக்கும் தாவல்கள் ஆறு. முதல் கோட்டுக்கும் ஆறாவது கோட்டுக்கும் இடைவெளி அரை மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட்தான். ஆனால் அது கோட்டு அகலத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல்! அணுக்கருவின் கண்ணுக்கு அது பெரிய பள்ளத்தாக்கு.

இன்னொரு வசதியும் இதில் ஒளிந்திருக்கிறது. அணுக்கரு உணரும் புலத்தின் திசையை எலக்ட்ரான்களின் காந்தத்திசை தீர்மானிக்கிறது. சரியான பொருளாக இருந்தால், எலக்ட்ரான்களின் காந்தத்தை ஒரு சின்ன வெளிக்காந்தத்தால் திருப்பிவிடலாம். பாகன் கையில் இருப்பது சிறிய அங்குசம்தான், திரும்புவது யானை. ஆய்வகத்தில் கொடுக்கும் காந்தம் அங்குசம். உள்ளே திரும்பும் 30 டெஸ்லாதான் யானை.

இன்னும் ஒன்று பாக்கி. ஓர் எக்ஸ் கதிர் ஃபோட்டான் (ஒளித்துகள்) வந்து படிகத்தில் புகுந்தால், கோடானுகோடி அணுக்கருக்களில் எது அதை வாங்கியது? எந்த ஒன்றும் தனியாக வாங்கவில்லை என்பதுதான் குவாண்டம் இயற்பியல் தரும் பதில். அந்த ஒரே கிளர்ச்சி எல்லாவற்றிலும் பரவி, ஒரே தாளத்தில் அதிர்கிறது. இதனால்தான் மறுபடி வெளிவரும் ஒளி எல்லாப் பக்கமும் சிதறாமல், வந்த கதிர் போன அதே நேர்த்திசையில் போகிறது. இந்தப் பொதுத்தாளம் இல்லாவிட்டால் காந்தத்தைத் திருப்பி ஒரு பயனும் இல்லை. காந்தம் உண்மையில் கைவைப்பது இந்தத் தாளத்தில்தான்.

எலக்ட்ரான்களை வட்டப்பாதையில் ஓடவிட்டு எக்ஸ் கதிரை உண்டாக்கும் பெரிய இயந்திரம் சின்க்ரோட்ரான். அதன் கதிரை இதற்குப் பயன்படுத்தலாம் என்று 1974-இல் ஸ்டான்லி ரூபி எழுதினார். 1985-இல் ஹாம்பர்க்கில் எரிச் கெர்டாவும் குழுவினரும் அதை முதன்முதலில் தெளிவாகச் செய்துகாட்டினார்கள். சின்க்ரோட்ரானிலிருந்து எக்ஸ் கதிர் துடிப்பு துடிப்பாக வரும். ஒவ்வொரு துடிப்பும் ஒரு நானோ வினாடிக்கும் குறைவு. துடிப்பின் பெரும்பகுதி அணுக்கருக்களைக் கண்டுகொள்ளாமல் ஒரே கணத்தில் கடந்துவிடும். அது போனபின், அமைதியில், தாமதமாக வந்து சேரும் ஃபோட்டான்களை எண்ணினால் அவை அத்தனையும் அணுக்கருவுக்குள் தங்கிவிட்டு வந்தவை. முன்னே போனதையும் பின்னே வருவதையும் நேரமே பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

அந்தத் தாமத ஒளியை நேரத்துக்கு எதிராக வரைந்தால் சீராகக் குறையும் கோடு வராது. ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் குறையும். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது இரண்டு தந்திகள் கிட்டத்தட்ட ஒன்றாகி முழுக்க ஒன்றாகாமல் இருந்தால், ஒலி பெருகிப் பெருகி அடங்குமே, பாடநூல் விம்மல் என்று சொல்கிறதே, அதே சங்கதிதான். ஆறு கோடுகளில் இரண்டை மட்டும் கிளர்த்தும்படி காந்தத்திசையை வைத்தால், சாதாரண இரும்பில் விம்மல் சுமார் 14 நானோ வினாடிக்கு ஒருமுறை வரும்.

சரி, 1996-க்கு வருவோம். ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூரி ஷ்விட்கோவும் சக ஆய்வாளர்களும் தேர்ந்தெடுத்த பொருள் இரும்பு போரேட். பச்சை நிறப் படிகம். இதில் அடுத்தடுத்த இரும்பணுக்களின் காந்தங்கள் ஏறக்குறைய எதிரெதிராக நிற்கின்றன. முழுக்க எதிராக நிற்காமல் சற்றே சாய்ந்திருப்பதால் மொத்தத்தில் ஒரு சிறிய காந்தம் மிஞ்சுகிறது. அது படிகத்தின் ஒரு தளத்துக்குள் மிக எளிதாகச் சுழலும். வெளியே ஒரு சிறு காந்தத் துடிப்பு கொடுத்தால் போதும், அணுக்கருக்கள் உணரும் பெரும்புலம் சில நானோ வினாடிகளுக்குள் 90 டிகிரி திரும்பிவிடும். இப்படிப்பட்ட படிகத்தைத் தேடிப் பிடித்ததுதான் இந்தச் சோதனையின் பாதி வெற்றி என்பது என் எண்ணம்.

எக்ஸ் கதிர் துடிப்பு வந்து அணுக்கருக்களைக் கிளர்த்திவிட்டுப் போகிறது. தாமத ஒளி விம்மத் தொடங்குகிறது. விம்மல் அடங்கும் ஒரு தருணம் பார்த்து காந்தத்தைத் திருப்புகிறார்கள். நேர்த்திசையில் வரும் ஒளி அப்படியே நின்றுவிடுகிறது. அடுத்த விம்மல் ஏற வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பிறகு காந்தத்தைப் பழைய திசைக்கே திருப்புகிறார்கள். நின்றிருந்த ஒளி ஒரு கூரான முகடாக எழும்பி வெளியே வருகிறது. எப்போது வர வேண்டும் என்று முடிவுசெய்தது காந்தத்தைத் திருப்பிய கை. எக்ஸ் கதிர் ஒளியியலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. முதல் தடவை அந்த வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அந்த முகடு மறக்காது.

ஒளி ஏன் நின்றது? காந்தம் கதவைச் சாத்தியது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. புலத்தின் திசை மாறியதும், பழைய திசையைப் பொறுத்து ஒரே நிலையில் இருந்த அணுக்கரு, புதிய திசையைப் பொறுத்துப் பல நிலைகளின் கலவையாகிவிடுகிறது. இரண்டு தந்திகள் ஒலித்த இடத்தில் இப்போது பல தந்திகள். சரியான தருணத்தில் திருப்பினால் அவை அனைத்தும் நேர்த்திசையில் அனுப்பும் அலைகள் ஒன்றையொன்று முழுமையாக அழித்துக்கொள்ளும். ஒவ்வொரு தந்தியும் அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது, ஒலி மட்டும் கேட்கவில்லை. ஒலியாக வெளியே போக முடியாத ஆற்றல் அணுக்கருக்களிடமே இருக்கிறது. திரும்பப் பழைய திசைக்கு வந்தால் பழைய இரண்டு தந்திகள், பழைய ஒலி.

இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால் தவறான படம் மனதில் பதிந்துவிடும். அடைபட்டது நேர்த்திசையில் போகும் கூட்டு ஒளி மட்டும்தான். இரும்பு-57 அணுக்கரு தன் ஆற்றலைத் தன்னுடைய எலக்ட்ரான் ஒன்றிடம் கொடுத்து அதை வெளியே தள்ளவும் செய்யும். தனித்த அணுக்கருவில் ஒன்பதில் எட்டு முறை நடப்பது இதுதான். இதைக் காந்தத்தால் நிறுத்த முடியாது. ஆகவே சேமித்துவைத்தது 141 நானோ வினாடி கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். அவ்வளவு நேரம் வைத்திருந்து திறந்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் மிஞ்சும். இன்னொன்றும் உண்டு. ஒரு சின்க்ரோட்ரான் துடிப்பில் அணுக்கருவுக்குப் பொருந்தும் ஃபோட்டான் சராசரியாக ஒன்றுகூட இருக்காது. நான் மேலே சொன்ன விம்மலும் இருளும் முகடும் கோடிக்கணக்கான துடிப்புகளை எண்ணிச் சேர்த்து வரைந்த படம்.

திசையைத் திருப்புவதற்குப் பதிலாகப் புலத்தையே அணைத்துவிட்டால் என்ன? 2012-இல் ஹைடல்பர்க் மாக்ஸ் பிளாங்க் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்திலிருந்து வென்-டே லியாவ், அட்ரியானா பால்ஃபி, கிறிஸ்டோஃப் கைடல் ஆகியோர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். சரியான கணத்தில் புலத்தை அணைத்தால் ஒற்றை ஃபோட்டான் உள்ளே உறைந்துவிடும். மறுபடி போட்டால் வெளியே வரும். எதிர்த்திசையில் போட்டால் அலையின் கட்டம், அதாவது முகடும் பள்ளமும் வரும் முறை, தலைகீழாகி வரும். கட்டத்தை விரும்பியபடி மாற்ற முடிவது குவாண்டம் தகவலியலுக்கு மிகத் தேவையான ஒன்று. ஆனால் இவ்வளவு வலுவான புலத்தைச் சில நானோ வினாடிகளில் முழுசாக அணைப்பது, திருப்புவதைவிடப் பல மடங்கு கடினம். நீங்கள் கேட்ட "வெறும் கணக்கா" என்பதற்கு இந்தப் பகுதி மட்டும் பொருந்தும்: இது முன்மொழிவாக வந்த யோசனை.

காந்தத்தைத் திருப்பாமலும் அணைக்காமலும் ஆட்டிப் பார்த்தவர்களும் உண்டு. 2021-இல் லார்ஸ் போக்லாகேயும் ரால்ஃப் ரோல்ஸ்பெர்கரும் அவர்கள் குழுவினரும், மெல்லிய இரும்பு-நிக்கல் படலத்தில் நுண்ணலை கொண்டு காந்த அலைகளை எழுப்பினார்கள். எலக்ட்ரான்களின் காந்தம் தள்ளாட, அணுக்கரு உணரும் புலமும் தள்ளாட, கூட்டுக் கிளர்ச்சியின் கட்டம் மாறியது. அதற்கு முன்பே, 2013-இல், மெல்லிய படலங்களை அடுக்கிச் செய்த, கதிர் உள்ளேயே மோதி மோதித் திரும்பும் எக்ஸ் கதிர் குழிவில் இரும்பு-57 அடுக்கின் காந்தத்திசையை மாற்றி, பிரதிபலிக்கும் கதிரின் நிறமாலை வடிவத்தையே மாற்றிக் காட்டியிருந்தார்கள். இவையெல்லாம் ஹாம்பர்க்கின் பெட்ரா-3, பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள ஐரோப்பிய சின்க்ரோட்ரான் போன்ற சில இடங்களில்தான் நடக்கின்றன. உலகத்தில் இதற்கேற்ற கதிர்நிலையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காந்தம் மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். அணுக்கருவின் கோடு அவ்வளவு கூர்மை என்பதால், இரும்புத் தகட்டை வினாடிக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில், நத்தை ஊருவதுபோல நகர்த்தினாலே டாப்ளர் விளைவால் கோடு தன் அகலத்தைப் போல பத்து மடங்கு இடம்பெயர்ந்துவிடும். இந்த வழியில் ஓல்கா கோச்சரோவ்ஸ்கயாவின் குழு 2014-இல், தகட்டை அதிரவைத்து ஒற்றை ஃபோட்டானின் வடிவத்தையே மாற்றியது. 2024-இல் வெவ்வேறு வேகத்தில் நகரும் தகடுகளை வரிசையாக வைத்து, புகுந்த எக்ஸ் கதிர் அலை ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் எதிரொலிபோலத் திரும்பி வரும்படி ஒரு நினைவகம் செய்தார்கள். அசைவு வழி இன்று காந்த வழியைவிட வேகமாக முன்னேறுகிறது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் காந்தத்தால் எந்தக் கோடு எந்தத் தளவிளைவோடு (அலை அதிரும் திசையோடு) ஒளிர வேண்டும் என்பதையும் தீர்மானிக்கலாம். அசைவால் கோடு நகரும், அவ்வளவுதான்.

இதனால் என்ன பயன் என்று அடுத்த கேள்வி வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அதன் அலைநீளத்துக்குக் கீழே குவிப்பது கடினம், அது சில நூறு நானோமீட்டர். எக்ஸ் கதிருக்கு அந்த எல்லை ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. மேலும், ஒரு எக்ஸ் கதிர் ஃபோட்டான் சுமக்கும் ஆற்றல் அதிகம் என்பதால் அதைத் தனியாக, ஏறக்குறைய இரைச்சலே இல்லாமல் எண்ணிவிடலாம். தகவலைச் சுமக்க நல்ல ஊர்திதான். எக்ஸ் கதிர் கணினி சீக்கிரம் கடைக்கு வரும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். அதுபோல, எக்ஸ் கதிரை அடித்து அணுக்கருவில் பூட்டிய ஆற்றலைத் திறந்து வெடிகுண்டு செய்யலாம் என்ற பேச்சையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1990-களின் இறுதியில் ஹாஃப்னியம் ஐசோமர் (வெகுகாலம் கிளர்ச்சியிலேயே நிற்கும் அணுக்கரு) பற்றி அப்படி ஒரு கூற்று வந்தது. 2001-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் பலமான எக்ஸ் கதிரை வைத்துச் சோதித்தபோது எந்த விளைவும் தெரியவில்லை. நாம் பேசிக்கொண்டிருப்பது ஒற்றை ஃபோட்டான்களின் நேரத்தையும் வடிவத்தையும் கையாளும் கலை.

141 நானோ வினாடி என்ற எல்லையைத் தாண்ட வேண்டுமானால் வேறு அணுக்கரு வேண்டும். 2023-இல் ஹாம்பர்க் அருகே உள்ள ஐரோப்பிய எக்ஸ் கதிர் லேசரில் ஸ்கேண்டியம்-45 அணுக்கருவை 12.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிரால் நேரடியாகக் கிளர்த்திவிட்டார்கள். அந்தச் சோதனையை நடத்தியவர்களில் முதன்மையானவர் அதே யூரி ஷ்விட்கோ. ஸ்கேண்டியத்தின் அரை ஆயுள் சுமார் 0.3 வினாடி, இரும்புடையதைப் போல முப்பது லட்சம் மடங்கு. காந்தத்தைத் திருப்ப நானோ வினாடிக்கு அல்லாட வேண்டியதே இல்லை. ஆனால் அங்கே எண்ணியது கிளர்ந்த அணுக்கரு எலக்ட்ரானைத் தள்ளிய பின் அணு உமிழ்ந்த ஒளியை. நேர்த்திசையில் ஒரே தாளத்தில் வரும் ஒளியை அல்ல. அதைப் பார்க்க வேண்டுமானால் படிகத்தின் எல்லா அணுக்கருக்களும் கிட்டத்தட்ட ஒரே புலத்தை உணர வேண்டும். கோடு அவ்வளவு கூர்மையாகும்போது, பக்கத்து அணுக்கருவின் மிகச் சிறிய காந்தம்கூட அதைக் கலைத்துவிடும். இரும்பில் நமக்குக் கைகொடுத்த அதே காந்த உணர்திறன்தான் ஸ்கேண்டியத்தில் முதலில் சமாளிக்க வேண்டிய சிக்கல்.